மறதி எந்த இடத்தில் நிகழ்கிறது? அங்கே என்ன செய்ய வேண்டும்?

நாள்தோறும் கையில் புழங்கும் ஒரு நாணயத்தை எடுத்துப் பார்க்காமல், அதன் இரு பக்கங்களையும் ஒரு தாளில் வரைய முயன்று பாருங்கள். அதிலுள்ள உருவம் எந்தப் பக்கம் நோக்குகிறது, ஆண்டு எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது, எழுத்துகள் விளிம்பை ஒட்டி வளைந்து செல்கின்றனவா நேராக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால், ஆயிரக்கணக்கான முறை கண்ட பொருளைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது புலப்படும். 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்களுடைய ஒரு சென்ட் நாணயத்தை வரையச் சொன்னபோது, அதிலுள்ள 8 முக்கிய அடையாளங்களில் பாதியைக்கூடப் பெரும்பாலோரால் சரியான இடத்தில் வைக்க முடியவில்லை. இதை மறதி என்று சொல்வது பொருந்தாது. ஒன்றை மறப்பதற்கு அது முதலில் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். இங்கே அது பதியவே இல்லை.

ஞாபக மறதி என்று ஒரே பெயரால் நாம் சொல்லிக்கொள்வது, உண்மையில் மூன்று வெவ்வேறு இடங்களில் நிகழும் மூன்று வெவ்வேறு இழப்புகளைக் குறிக்கிறது. செய்தி உள்ளே போகாமலே இருந்திருக்கலாம். போனது நிலைபெறாமல் கரைந்திருக்கலாம். நிலைபெற்றது வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாமல் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. திரும்பத் திரும்பப் படிப்பது என்ற ஒரே வழியை எல்லாவற்றுக்கும் கையாளுவதால்தான், நாள் முழுக்க உழைத்தும் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை என்று நல்ல அறிவுள்ளவர்களும் மனம் சோர்ந்துபோகிறார்கள். அந்தச் சோர்வு தேவையற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நினைவு உருவாகும் விதம்

கண்ணும் காதும் ஓயாமல் கொண்டுவருவதில் பெரும்பகுதி ஓரிரு நொடிகளுக்குள் மறைந்துவிடுகிறது. நாம் கவனம் செலுத்தும் சிறு பகுதி மட்டுமே, உளவியலாளர்கள் செயல்நினைவு என்று அழைக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. அந்த இடம் மிகவும் குறுகலானது. அதில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 7 உருப்படிகளைத்தான் வைத்திருக்க முடியும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொள்வதையும் பல உருப்படிகளை ஒரே கட்டாகக் கட்டிக்கொள்வதையும் தடுத்துவிட்டால், உண்மையான கொள்ளளவு 4 என்ற அளவிலேயே நிற்கிறது என்று 2001இல் நெல்சன் கோவன் எடுத்துக்காட்டினார். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டால் தடுமாறுகிறவர்கள், அதையே மூன்று கட்டுகளாகப் பிரித்துச் சொல்லும்போது எளிதில் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

குறுகலானது மட்டுமன்றி, அந்த இடம் நிலையற்றதும்கூட. 1959இல் பீட்டர்சன் தம்பதியர் தங்கள் சோதனைக்கு வந்தவர்களிடம் மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லி, அவற்றை மனத்துக்குள் உருப்போட முடியாதபடி, ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே எண்ணச் சொன்னார்கள். 18 நொடிகள் கழித்து அந்த மூன்று எழுத்துகளைக் கேட்டபோது, பெரும்பாலான முறை விடை வரவில்லை. ஏதோ எடுக்க அடுத்த அறைக்குப் போகும் வழியில் வேறொரு நினைப்பு குறுக்கிட, அங்கே போய் எதற்காக வந்தோம் என்று திகைத்து நிற்பது இதைப் போன்ற நிகழ்வுதான். அதைக் கண்டு மூளை தேய்ந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை.

செயல்நினைவிலிருந்து ஒன்று நீண்டகால நினைவாக மாறுவதற்கு, மூளையின் உட்பகுதியில் இரு பக்கமும் அமைந்துள்ள ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்பு இன்றியமையாதது. இதை உலகம் அறிந்துகொண்டது ஒரு மனிதரின் பெரும் இழப்பினால். ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்கு, கடுமையான வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் அந்தப் பகுதி பெருமளவு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது; ஆனால் அன்று முதல் 2008இல் காலமாகும் வரை, புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை. எதிரில் இருப்பவரோடு நன்றாக உரையாடுவார். வந்தவர் எழுந்து போய்ச் சிறிது நேரம் கழித்துத் திரும்பினால் முதன்முறை சந்திப்பதுபோல் வரவேற்பார். இருந்தும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டின்மேல் வரையும் கடினமான பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு அளித்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. அதற்கு முன்பு அதைச் செய்த நினைவு மட்டும் அவருக்கு இல்லை. நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் வைத்துக்கொள்ளும் நினைவு வேறு, சைக்கிள் ஓட்டுவது போன்ற கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்பது இப்படித்தான் தெளிவாயிற்று.

நரம்பணுக்களின் அளவில் நடப்பதை எரிக் கேண்டல் ஒரு கடல் நத்தையை வைத்து ஆராய்ந்தார். அதற்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. குறுகிய கால நினைவில், நரம்பணுக்களுக்கு இடையே ஏற்கெனவே உள்ள இணைப்புகள் சிறிது நேரத்துக்கு வலுப்பெறுகின்றன. நீண்டகால நினைவிலோ புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே வளர்கின்றன. வளர்ச்சி என்றால் அதற்குக் காலம் வேண்டும். ஒரே இரவில் விழுந்து விழுந்து படித்தது ஒரு வாரத்தில் கரைவதையும், சிறுகச் சிறுகப் பல வாரம் படித்தது பல ஆண்டுகள் நிற்பதையும் இந்த ஒரு செய்தியை வைத்தே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

ஏன் மறக்கிறோம்

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்கௌஸ். பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, வெவ்வேறு கால இடைவெளிக்குப் பின் அதே வரிசையை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டு, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். 20 நிமிடத்துக்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்குப் பின் 44. ஒரு நாளைக்குப் பின் 34. 31 நாளுக்குப் பின் 21. இந்த எண்களில் கவனிக்க வேண்டியது இழப்பின் வேகம். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளைத் தாண்டி நின்றது அதன்பின் மெதுவாகவே தேய்கிறது. பொருளுள்ள செய்திகள் இவ்வளவு விரைவாக மறைவதில்லை என்றாலும், முதலில் செங்குத்தாக இறங்கிப் பின்னர் சமமாகும் அந்தக் கோட்டின் வடிவம் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது.

காலம் கடந்தது என்பது மட்டும் இதற்குக் காரணமாகாது. ஒன்றைப் போன்ற மற்றொன்று குறுக்கே வந்து மறைப்பது இன்னொரு வலுவான காரணம். கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் விரல்கள் பழையதையே தட்டுவதையும், சில மாதங்கள் புதியதைப் பயன்படுத்திய பிறகு பழையதை எவ்வளவு முயன்றும் வரவழைக்க முடியாமல் போவதையும் எல்லோரும் கண்டிருப்போம்.

மூன்றாவது காரணம் தூண்டுகோல் இல்லாமை. 1966இல் டல்விங், பெர்ல்ஸ்டோன் இருவரும் மாணவர்களுக்கு வகைவகையாகத் தொகுத்த சொற்பட்டியல்களைக் கொடுத்துப் பின்னர் நினைவுபடுத்தச் சொன்னார்கள். வெறும் தாளைப் பெற்றவர்களைவிட, வகைகளின் பெயர்கள் எழுதிய தாளைப் பெற்றவர்கள் மிகுதியான சொற்களை எழுதினார்கள். வெறும் தாளில் தடுமாறியவர்களிடம் பின்னர் வகைப்பெயர்களைக் கொடுத்தபோது அவர்களுக்கும் விடுபட்ட சொற்கள் வந்தன. சொற்கள் உள்ளேயே இருந்தன. அவற்றை இழுக்கும் கயிறுதான் கையில் இல்லை.

நினைவு என்பது பதிவு செய்த ஒலிநாடாவைத் திரும்ப ஓட்டுவது அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கிடைத்த துண்டுகளைக் கொண்டு மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டும்போது பின்னால் கேட்டதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகத்தில் சென்றன என்று சிலரிடமும், ‘இடித்தபோது’ என்ன வேகத்தில் சென்றன என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவின் 50 பேரில் 16 பேரும் இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. குடும்பத்தில் நடந்த பழைய நிகழ்ச்சியைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொல்லிச் சண்டையிடும்போது, பொய் சொல்கிறவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மறதி முழுவதும் கேடானதும் அன்று. ரஷ்ய உளவியலாளர் லூரியா பல ஆண்டுகள் ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி என்பவர், கேட்ட பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் மறவாதவர். ஆனால் தேவையற்றவை வந்து மொய்ப்பதைத் தாங்க முடியாமல், மறக்க விரும்பியவற்றைத் தாளில் எழுதி எரித்துக்கூடப் பார்த்தார். விவரங்கள் உதிர்வதனால்தான் பொதுக்கருத்து எஞ்சுகிறது.

முதலில் இழப்பின் இடத்தைக் கண்டறியுங்கள்

ஒன்று நினைவுக்கு வரவில்லை என்றால், உடனே விடையைப் பார்த்துவிடாமல் மூன்று கேள்விகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். முதல் எழுத்தையோ, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதையோ ஒருவர் சொன்னால் வருகிறதா? வந்தால், அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. எடுக்கும் வழியில்தான் குறை. அப்படியும் வரவில்லை, ஆனால் நான்கு விடைகளைக் காட்டினால் சரியானது எது என்று தெரிகிறதா? தெரிந்தால், அரைகுறையாக நிலைபெற்றிருக்கிறது. சிறிது உழைப்பில் மீண்டும் வலுப்பெறும். விடையைக் கண்ணால் பார்த்த பின்னும் அது புத்தம் புதியதாகத் தோன்றுகிறதா? அப்படியானால் அது முதலிலேயே உள்ளே போயிருக்க வாய்ப்பு குறைவு. படித்த முறையைத்தான் மாற்ற வேண்டும். படிக்கிற பிள்ளைகளிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கும்படி பெற்றோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பாடம் உள்ளேயே போகாமல் தவறியிருக்கும்போது, மறந்துவிட்டாயே என்று திட்டுவதால் பயனில்லை.

உள்ளே போகாதவற்றுக்கு

சாவியை எங்கே வைத்தோம் என்பது நினைவில்லாமல் போவதற்குக் காரணம், வைத்த கணத்தில் மனம் வேறெங்கோ இருந்ததுதான். இதற்கு இரண்டு வழிகள் போதும். முதலாவது, சாவி, மூக்குக்கண்ணாடி, பணப்பை ஆகியவற்றுக்கு ஒரே நிலையான இடத்தை ஒதுக்கிவிட்டு, நினைவுக்கு வேலையே இல்லாமல் செய்வது. இரண்டாவது, வழக்கமில்லாத இடத்தில் வைக்க நேர்ந்தால் ஒரு நொடி நின்று, ‘மூக்குக்கண்ணாடியை ஜன்னல் திண்டின்மேல் வைக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது. வாயால் சொல்லும்போது கவனம் அந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வீட்டை விட்டு வெளியே வந்தபின் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்ற தவிப்பு வருகிறவர்களுக்கும் இதுவே துணை. தினமும் செய்யும் செயல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எது இன்றையது என்று பிரிக்க முடியாமல் போகும்போது, இன்றைக்கு மட்டும் உரிய ஒரு சொல்லையோ செய்கையையோ அதனோடு சேர்த்துவிட்டால் பிரித்தறிவது எளிதாகிறது.

பெயர்கள் தனியாகக் கவனிக்கத் தக்கவை. ஒருவருடைய தொழிலும் ஊரும் நினைவிருக்கும்போதும் பெயர் மட்டும் நழுவுவதற்குக் காரணம், பெயருக்கும் ஆளுக்கும் இடையே பொருள் தொடர்பு எதுவும் இல்லை என்பதே. புதியவர் ஒருவர் தம் பெயர் மணி என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் நம் மனம் பெரும்பாலும் அடுத்து என்ன பேசுவது என்ற யோசனையில் இருக்கும். ஆகவே முதலில் பெயரை உண்மையாகவே கேளுங்கள், கேட்கவில்லையென்றால் தயங்காமல் மறுபடி கேளுங்கள். பிறகு ‘மணி, நீங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்று பேச்சிலேயே ஒருமுறை பயன்படுத்துங்கள். அவர் குரல் கணீரென்று இருந்தால் மணியோசையை அதனோடு பொருத்திக்கொள்ளுங்கள். இருப்பதிலிருந்து பிடிக்கும் தொடர்பு இப்படி ஒன்று போதும். முக்கியமானது இதற்குப் பின்தான்: ஐந்து நிமிடம் கழித்து, அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் பெயர் என்ன என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். விடைபெறும்போது பெயரைச் சொல்லி விடைபெறுங்கள். இரவில் படுக்கும் முன் அன்று சந்தித்தவர்களின் பெயர்களை மீண்டும் வரவழைத்துப் பாருங்கள். மூன்று முறை தானாக எடுத்த பெயர் எளிதில் போகாது.

ஒரு பக்கத்தை ஒரு மாதம் நிற்கும்படி படிப்பது

கோடிட்டு, வண்ணம் தீட்டி, மூன்று முறை படித்தால் பாடம் மனத்தில் நிற்கும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தெளிவாக மறுத்தது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரே முறை படித்துவிட்டு, நூலை மூடிவைத்து, நினைவிருப்பதை மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்தவர்கள் 83 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நான்கு முறை படித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள் என்பது எனக்கு மிகவும் வேதனை தரும் செய்தி. பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போது தோன்றும் ‘இது தெரிந்ததுதானே’ என்ற உணர்வு, தெரிந்துகொண்டதற்குச் சான்றாகாது.

எப்படிச் செய்வது என்பதை ஒரு பாடத்தை வைத்தே பார்ப்போம். இதயத்தின் வழியாக இரத்தம் ஓடும் பாதையைப் படிக்கிறீர்கள் என்று கொள்வோம். முதல் நாள் அந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாக, ஏன் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் இடது கீழ் அறை) சுவர் ஏன் வலதைவிடத் தடித்திருக்கிறது? வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளுகிறது; இடது பக்கம் உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருக்கிறது. இப்படிக் காரணத்தோடு சேர்ந்த செய்தி தனியே நிற்கும் செய்தியைவிட ஆழமாகப் பதிகிறது. பிறகு நூலை மூடிவிட்டு வெறும் தாளில் பாதையை வரையுங்கள்: உடலிலிருந்து வலது ஆரிக்கிள் (மேல் அறை), அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. நடுவில் எங்காவது நின்றுவிடுவீர்கள். நின்ற இடத்தில் உடனே நூலைத் திறக்காமல் ஒரு நிமிடமாவது தேடுங்கள். அந்தத் தேடல்தான் வேலை செய்கிறது. அதன்பின் திறந்து ஒப்பிட்டு, தவறியதை மட்டும் வேறு நிறத்தில் குறியுங்கள். நுரையீரல் தமனியையும் நுரையீரல் சிரையையும் இடம் மாற்றி எழுதுவது இந்தப் பாடத்தில் பலருக்கு நேரும் தவறு, ஏனெனில் தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்ற பழைய செய்தி குறுக்கே நிற்கிறது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை என்ற விதியை அங்கே பக்கத்தில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

மறுநாள் நூலைத் தொடும் முன்பே வெறும் தாளை எடுங்கள். முந்தைய நாள் எளிதாக வந்தது இன்று தயங்கித் தயங்கி வரும். அந்தத் தயக்கத்தைத் தோல்வியாக எண்ணிக் கைவிடக் கூடாது, சற்று மறந்த நிலையில் முயன்று எடுப்பதே நினைவை அதிகம் வலுப்படுத்துகிறது. அதன்பின் நான்காம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போகலாம். இந்த நாட்களில் புனிதம் ஒன்றும் இல்லை. ஒன்று எவ்வளவு காலம் நிற்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும் என்பதே விதி. அடுத்த வாரத் தேர்வுக்கு ஓரிரு நாள் இடைவெளி போதும். ஆண்டுக்கணக்கில் வேண்டியதற்கு வாரக்கணக்கில் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது என்பதால், ஒரே நாளில் உட்கார்ந்து உருப்போடும் நேரத்தைவிட மொத்த நேரம் பெரும்பாலும் மிகாது.

சொற்கள், வாய்பாடுகள், ஆண்டுகள் போன்ற துண்டுச் செய்திகளுக்கு அட்டைகள் ஏற்றவை. கேள்வியை ஒரு பக்கமும் விடையை மறுபக்கமும் எழுதி, சரியாகச் சொன்னவற்றை நீண்ட இடைவெளியில் பார்க்கும் பெட்டிக்கும் தவறியவற்றை நாள்தோறும் பார்க்கும் பெட்டிக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும் முறையை ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பினார். இன்றைய கைபேசிச் செயலிகள் பல இதே கருத்தைத்தான் கணக்கிட்டுச் செய்கின்றன. அட்டையை நீங்களே எழுதுங்கள். பிறர் எழுதியதை இறக்கிக்கொண்டால், எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் முதல் பயிற்சி கைவிட்டுப் போகிறது.

ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாடங்களை அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தால், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று மறைப்பது அதனால் வெகுவாகக் குறையும்.

தூக்கம்

1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், கற்ற பின் தூங்கியவர்கள் அதே நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறப்பதைக் கண்டறிந்தார்கள். தூக்கம் வேறு செய்திகள் குறுக்கிடாமல் காப்பதோடு நிற்பதில்லை. அன்று பகலில் இயங்கிய நரம்பணுக்களின் வரிசை ஆழ்ந்த தூக்கத்தில் மீண்டும் இயங்குவது எலிகளின் ஹிப்போகாம்பஸில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழிப்பவர், அன்று படித்தது நிலைபெறுவதையும் தடுத்து, மறுநாள் கவனத்தையும் குலைத்துக்கொள்கிறார். படுக்கும் முன் பத்து நிமிடம் நூலை மூடி நினைவுபடுத்திவிட்டு உறங்குவது எவ்வளவோ மேலானது.

செய்ய வேண்டியதை மறப்பது

மாத்திரை சாப்பிடுவது, கடிதத்தை அனுப்புவது போன்றவற்றில், என்ன செய்ய வேண்டும் என்பது மறப்பதில்லை. உரிய நேரத்தில் அது எழுந்து வருவதில்லை. எனவே எண்ணத்தை நேரத்தோடு கட்டாமல், கண்ணில் படப்போகும் ஒரு நிகழ்ச்சியோடு கட்டுங்கள். ‘இன்று மாத்திரை சாப்பிட வேண்டும்’ என்பது பலவீனமான எண்ணம். ‘காலையில் பல் துலக்கிய தூரிகையைத் திரும்ப வைத்தவுடன் மாத்திரையை எடுப்பேன்’ என்பது வலுவானது. எப்போது, எங்கே என்று இப்படி முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் தம் எண்ணத்தை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. வெளியே எடுத்துச் செல்ல வேண்டியதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவையுங்கள். மாத்திரையை எடுத்தோமா என்ற ஐயம் வராமல் இருக்க, கிழமை எழுதிய பெட்டிகளில் பிரித்து வைப்பதே பாதுகாப்பானது. உயிரோடு தொடர்புடையவற்றில் நினைவை மட்டும் நம்ப வேண்டாம்.

நுனி நாக்கில் நிற்கும் சொல்

1966இல் பிரவுன், மெக்நீல் இருவரும், சொல் வராமல் தவிக்கும் நிலையில் இருப்பவர்களால் அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் பல நேரம் சரியாகச் சொல்ல முடிவதைக் கண்டார்கள். ஆகவே எழுத்துகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லைக் கடைசியாகக் கேட்ட இடத்தையும், அங்கே இருந்தவர்களையும் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். தவறான ஒரு சொல்லே மீண்டும் மீண்டும் வந்து வழியை அடைத்தால், முயற்சியை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். சிறிது நேரத்தில் அது தானாக வந்து நிற்பதுண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

வயது ஏற ஏறப் பெயர்கள் தாமதமாக வருவதும், கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் இயல்பே. ஒரே கேள்வியைச் சற்று நேரத்துக்குள் பலமுறை கேட்பது, நெடுங்காலம் பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, பல ஆண்டுகள் செய்த வேலையின் படிகள் குழம்புவது, இவை தமக்கு நேர்வதைத் தாமே உணராமல் இருப்பது ஆகியவை வேறு வகை. இவற்றைக் கண்டால் வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சில தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் நினைவைக் கெடுக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். சில மணி நேரத்துக்குள் திடீரென்று குழப்பம் ஏற்பட்டால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போகும்போது, மாற்றம் எப்போது முதல் தெரிகிறது, எந்தெந்த நிகழ்ச்சிகளில் தெரிந்தது என்பதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். உடன் வாழும் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும், ஏனெனில் மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகள் பலவற்றுக்கு விடை அவரிடம்தான் இருக்கும்.